பேர் போட்டாச்சா?

ரஸ்ட்-அனலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. ரஸ்ட் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் அதைத் தங்கள் எடிட்டருக்குள் போட்டு வைத்திருப்பார்கள். நாம் தட்டத் தட்ட அது நம்ம நிரலைப் படித்துக்கொண்டே வரும். "இந்த மாறியை நீ எங்கேயும் பயன்படுத்தவில்லை", "இங்கே எண் வர வேண்டும், நீ எழுத்தைக் கொடுக்கிறாய்" என்று பக்கத்தில் இருந்து சொல்லும். இலவசம்தான். மூல நிரலும் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரம் என்ன மாறியது என்று ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அந்தப் பட்டியல்கள் 200ஐத் தாண்டி ரொம்ப நாளாச்சு.

நான் அதை வாராவாரம் படிப்பதில்லை. டேட்டா கணக்கு அப்படி. மாதக் கடைசியில் நாலையும் ஒன்றாக எடுத்து வைத்துப் படிப்பேன். ஆறு மாதமாக இதுதான் வழக்கம். அதே ஆறு மாதமாக நானும் இரண்டு கூட்டாளிகளும் ரஸ்டில் ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய மாதத்தையும் எங்களுடைய மாதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தோன்றியதை எழுதுகிறேன். "கோடிங் தெரியாத எனக்கு இதில் என்ன இருக்கு?" என்று தாண்டிப் போயிடாதீங்க. இது பெயர் பற்றிய விஷயம். பெயர் எல்லாருக்கும் இருக்கு தானே.

எங்களுக்கு ஏன் ஒரு கருவி

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அம்மாயி 38 வருசம் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்ட பிறகு ஈ.பி.எஃப். காசுக்கு விண்ணப்பித்தார். தோட்டத்துப் பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, கல்யாணப் பதிவில் இன்னொரு மாதிரி. ஒரு அலுவலகத்தில் இரண்டு தடவை பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இது மூணும் நீங்கதான்னு எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். அம்மாயி வீட்டுக்கு வந்து சொன்னது: "முப்பத்தெட்டு வருசம் மலையில பேர் போட்டப்ப நான்தான்னு தெரிஞ்சிச்சி. இப்ப மட்டும் தெரியலையாக்கும்."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பேச்சில் 'பேர்' என்றால் நாம் அழைக்கப்படும் பெயர் மட்டும் கிடையாது. ஒரு நாள் வேலைக்கான கணக்கும் 'பேர்'தான். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மாதம் முடியும்போது எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சம்பளம். செக்ரோலில் பெயருக்கு நேரே குறி இல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் மலையில் நிற்கவே இல்லை என்று ஆகிவிடும்.

இதற்கும் மேலே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடில்லாதவர் ஆக்கியது. அந்தச் சட்டம் கேட்டதும் காகிதத்தைத்தான்: அப்பா இங்கே பிறந்ததற்குப் பத்திரம் இருக்கிறதா, தாத்தா பிறந்ததற்கு இருக்கிறதா என்று. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண் மூடியபோது, காணாமல் போனோர் எத்தனை பேர் என்ற எண் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பெயர் பட்டியலில் ஒழுங்காக இருப்பது ஏன் முக்கியம் என்று ஊவாவில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே எங்கள் டிவிசனில் ஓய்வு பெற்றவர்களின் பெயர்களை, அவர்களிடம் கேட்டு அவர்கள் சம்மதத்தோடு, பத்திரத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்தோம். 140 பேர். ஒருவருக்கு எத்தனை பத்திரமோ அத்தனை வரி. எந்தப் பெயர் எங்கே முரண்படுகிறது என்று அலுவலகத்துக்குப் போகும் முன்பே தெரிந்தால், சத்தியக் கடதாசி எதற்கு எடுக்க வேண்டும் என்று ஒரே தடவையில் முடிவு செய்யலாம். கருவியின் வேலை அவ்வளவுதான்.

முதல் மாதம்: பஞ்சு பொறுக்குதல்

நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் கருவிகளுக்கு 'லின்ட்' என்று ஒரு பொதுப் பெயர் உண்டு. 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்காக எழுதிய கருவியின் பெயர் அது. உடுப்பில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். துணி கிழியவில்லை, அணியலாம், ஆனால் தட்டிவிட்டால் நல்லது. அந்த மாதிரிக் குறைகளைக் காட்டுவதுதான் அதன் வேலை.

இதை எடிட்டருக்குள் கொண்டுவருவது நெடுங்காலம் பெரிய தலைவலியாக இருந்தது. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு தடவை ஒரே வேலை. 2016இல் மைக்ரோசொஃப்ட் 'லாங்குவேஜ் சேர்வர் புரோட்டோகோல்' என்ற பொது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. மொழிக்கு ஒரு கருவி எழுதினால் போதும், எல்லா எடிட்டரும் அதோடு பேசலாம். ரஸ்ட்-அனலைசர் அந்த வழியில் வந்தது. அலெக்ஸி கிளாடொவ் என்பவர் 2018 வாக்கில் தொடங்கினார். 2022இல் அது ரஸ்ட் அமைப்பின் அதிகாரபூர்வக் கருவியாகி, பழைய கருவியின் இடத்தைப் பிடித்தது. தனியாள் தொடங்கிய ஒன்று நாலு வருசத்தில் அந்த இடத்துக்குப் போனது எப்படி என்று பார்க்கத்தான் பழைய பட்டியல்களை எடுத்தேன். பெரிய சாகசம் ஒன்றும் கண்ணில் படவில்லை. "இந்த இடத்தில் நின்றுபோவதைச் சரிசெய்தோம்", "இந்தச் சொல்லை நிரப்பித் தருகிறது" என்று வரி வரியாகப் போகிறது.

எங்கள் முதல் மாதக் கணக்கு: இரண்டு பெயர்களை ஒப்பிட்டு, ஒன்றா வேறா என்று சொல்கிறது. வேறொன்றும் செய்யாது.

இரண்டாம் மாதம்: அரைகுறையைப் படிப்பது

ரஸ்ட்-அனலைசரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தை இந்த மாதம்தான் புரிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பி, அதாவது கம்பைலர், முழுமையான நிரலைத்தான் ஏற்கும். ஒரு அடைப்புக்குறி குறைந்தாலும் "பிழை" என்று திருப்பி அனுப்பும். ஆனால் எடிட்டரில் இருக்கிற நிரல் எப்போதுமே பாதியில்தான் இருக்கும். நாம் எழுதிக்கொண்டிருக்கிறோமே! அதனால் ரஸ்ட்-அனலைசரின் பாகுபடுத்தி எந்த வரியையும் தூக்கி எறிவதில்லை. புரிகிற பகுதியை மரமாக அடுக்கிக்கொள்ளும், புரியாத துண்டுக்குப் பிழை என்று ஒரு குறி போட்டு அந்த மரத்திலேயே ஒட்டி வைக்கும். அடுத்த எழுத்து வந்ததும் திரும்பப் பார்க்கும்.

இன்னொன்று. ஒரு செயற்கூறுக்கு உள்ளே நீங்கள் எதைத் தட்டினாலும் அதனால் முழு நிரலையும் புதிதாகக் கணக்குப் போடக்கூடாது என்பது அவர்கள் கட்டமைப்பு ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிற விதி. மாறினதை மட்டும் பார், மாறாததை ஞாபகத்தில் வைத்துக்கொள் என்பதுதான் யோசனை.

நான் 2022இல் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அப்போது படித்தவர்களுக்கு, பாதியில் நின்ற இடத்தில் இருந்து திரும்பத் தொடங்குவது என்றால் என்னவென்று தெரியும். பாதியில் நிற்பதையும் மதித்துப் படிக்கிற ஒரு கருவியைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் தொழில்நுட்பமாகத் தெரியவில்லை.

எங்கள் பட்டியலிலும் அரைகுறை நிறைய. பத்திரம் நனைந்து பாதிப் பெயர்தான் தெரியும். முன்பு அந்த வரிகளை ஒதுக்கிவிட்டோம். இந்த மாதம் முதல் அவற்றையும் எடுத்து, தெரியாத எழுத்துக்கு ஒரு குறி போட்டு, மிச்சத்தை ஒப்பிடுகிறோம். ஒதுக்கி வைத்திருந்த 17 வரிகள் பட்டியலுக்குள் திரும்பி வந்தன.

மூன்றாம் மாதம்: நாலு ஜி.பி.

இந்தக் கருவியைப் புகழ்ந்தது போதும். நினைவகத்தைத் தின்பதில் அது சாதாரணப்பட்டது இல்லை. என்னிடம் இருப்பது 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லெப்டொப். எடிட்டர், பிரவுசர், ரஸ்ட்-அனலைசர் மூன்றும் திறந்தால் காற்றாடி இரையத் தொடங்கும், பிறகு எல்லாம் உறைந்து நிற்கும். இது எனக்கு மட்டும் உள்ள முறைப்பாடு கிடையாது, உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்.

அதே நிலைமையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அமைப்புகளில் போய், திறந்தவுடன் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும் வேலையை நிறுத்தலாம். சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் முழுப் பரிசோதனை ஓடுவதையும் நிறுத்திவிட்டு, வேண்டும்போது கையால் ஓட்டலாம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் அளவையும் குறைக்கலாம். வேகம் கொஞ்சம் போகும், மெஷின் உயிரோடு இருக்கும். மாதாந்தப் பட்டியல்களில் நினைவகத்தைக் குறைத்தோம் என்று ஒரு வரி வரும்போதெல்லாம், எங்கேயோ இருக்கிற யாரோ என் லெப்டொப்பை நினைத்து வேலை செய்த மாதிரி இருக்கும்.

எங்கள் கணக்கு: கருவி இப்போது போனில் ஓடுகிற அளவுக்குச் சின்னது. இந்த மாதம் வேறு முன்னேற்றம் இல்லை.

நாலாம் மாதம்: கொழுந்துக்கு எத்தனை எழுத்து

ஒரு முரண்பாட்டைக் காட்டும்போது, எந்த எழுத்தில் முரண் என்று அடியில் சிவப்புக் கோடு போட வேண்டும். கோடு எப்போதும் தள்ளிப் போய் விழுந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது தெரிந்தது, எழுத்தை எண்ணுவதற்கு மூன்று தராசு இருக்கிறது.

'கொழுந்து' என்ற சொல்லை எடுங்கள். நம்ம கண்ணுக்கு கொ, ழு, ந், து என நாலு எழுத்து. கணினியின் குறியீட்டு எண்களாகப் பிரித்தால் எட்டு, ஏனென்றால் 'க' தனி, 'ொ' தனி, 'ந' தனி, புள்ளி தனி. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. ரஸ்ட் உள்ளே எண்ணுவது பைட்டுகளில். எடிட்டர்கள் பேசிக்கொள்ளும் அந்தப் பொது ஒப்பந்தமோ ஆரம்பத்தில் இருந்தே யூ.டி.எஃப்-16 கணக்கில் எண்ணுகிறது, அதில் எட்டு. வேறு முறையில் எண்ணவும் இரு பக்கமும் பேசி ஒத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 2022இல்தான் வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு மூன்று தராசும் ஒரே எடை காட்டும், அதனால் பிரச்சினை இருப்பதே தெரியாது. தமிழில் ஒரு சொல் வந்தவுடன் கோடு எங்கேயோ போய்விடும்.

ரஸ்ட்-அனலைசரில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு, இரண்டுக்கும் நடுவில் மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. திறந்த மூலநிரல் என்பதால் அதைத் திறந்து படித்தோம், அதே மாதிரி எங்களுடையதிலும் வைத்தோம். கோடு சரியான எழுத்தின் கீழ் விழுந்தது. அன்றைக்கு மூன்று பேரும் பசறை டவுனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

ஐந்தாம் மாதம்: ஒரே முகம், வேறு ஆள்

கௌரி என்று ஒரு பெயர். பட்டியலில் இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கருவி "வேறு" என்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்று ஔகாரக் குறி போட்ட 'கௌ'. மற்றது 'கெ'யும் அதற்குப் பக்கத்தில் முழு 'ள' எழுத்தும் சேர்ந்த 'கெள'. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இந்த இரண்டுக்கும் ஒரே விசைதான். பிறகு யுனிகோடுக்கு மாற்றியபோது அது 'ள' என்றே வந்து நின்றுவிட்டது. இன்றைக்கும் எத்தனையோ கௌரிகளும் கௌசல்யாக்களும் கணினிக்குள் கெளரியாகவும் கெளசல்யாவாகவும் இருக்கிறார்கள். தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

'கொ' இன்னொரு ரகம். 'ொ' என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 'ெ' தனி 'ா' தனி எனவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யுனிகோடு ஏற்றுக்கொள்கிறது, ஒரு முறைப்படுத்தல் செய்தால் சேர்ந்துவிடும். ஸ்ரீ அப்படி இல்லை. 2005இல் யுனிகோடில் 'ஶ' சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 'ஸ'வில் தொடங்கி எழுதிய ஸ்ரீயும், பின்னால் 'ஶ'வில் தொடங்கும் ஸ்ரீயும் திரையில் ஒரே உருவம். முறைப்படுத்தினாலும் சேராது. ஸ்ரீதரன், ஸ்ரீதேவி, ஜெயஸ்ரீ என்று நம்ம ஆட்களில் எத்தனை பேர்!

ரஸ்ட் மொழி 2021இல் வந்த 1.53 பதிப்பில் இருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க விடுகிறது. அப்படி வைக்கும் பெயர்களை முறைப்படுத்திக்கொள்கிறது, பார்வைக்கு ஒத்த இரண்டு பெயர்கள் வந்தால் எச்சரிக்கிறது. இதற்கு யுனிகோடு வைத்திருக்கும் ஒத்த உருவப் பட்டியலில் தமிழ் எண் ஒன்றும் 'க'வும்கூட இருக்கின்றன. ஆனால் மேற்கோள் குறிக்குள் நாம் போடும் தரவை அது தொடுவதில்லை. அது நம்முடையது.

இதில்தான் எங்கள் மூன்று பேருக்கும் சண்டை வந்தது. கூட்டாளி ஒருத்தன் கேட்டான்: "கண்டுபிடிச்சது தானே, அப்படியே திருத்திட்டா என்ன?" வேகமான வழிதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் தாத்தா பாட்டிமார் பெயர்கள் இப்படி ஆனதே யாரோ திருத்தியதால்தான். பதிவு எழுதியவருக்குக் காதில் விழுந்தபடி, அவருக்கு எழுத வந்த மொழியில், அவருக்குச் சரி என்று பட்டபடி எழுதினார். ராமாயி ராமாய் ஆனாள், ரமாயி ஆனாள். கேட்காமல் திருத்தும் இன்னொரு கையாக எங்கள் கருவி இருக்கக்கூடாது. ரஸ்ட்-அனலைசரும் தானாக எதையும் மாற்றுவதில்லை. எடிட்டரில் ஒரு சின்ன பல்பு எரியும், "இப்படி மாற்றலாம்" என்று காட்டும், அழுத்துவது நீங்கள். கடைசியில் அதையே எடுத்துக்கொண்டோம். கருவி காட்டும். எது சரி என்று பெயருக்கு உரியவர் சொல்வார்.

ஆறாம் மாதம்: முதல் பங்களிப்பு

திங்கட்கிழமைப் பட்டியல்களில் சில வரிகளுக்குப் பக்கத்தில் 'முதல் பங்களிப்பு' என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த ஆள் முதல் தடவையாகத் திருத்தம் அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பல வருசம் வேலை செய்கிறவரின் வரிக்குப் பக்கத்திலேயே அதுவும் நிற்கும். நான் ஒவ்வொரு மாதமும் முதலில் தேடுவது அதைத்தான். செய்த வேலைக்கு அன்றைக்கே பேர் போட்டாச்சு என்று பார்க்கும்போது ஒரு திருப்தி.

இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய இலங்கையில் உள்ள நிரலாளர்கள் இரவு பகலாகச் சேர்ந்து எழுதியதுதான் 'சஹானா' என்ற திறந்த மூலநிரல். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நல விருதும் கிடைத்தது. பெயர்களை ஒழுங்காக எழுதி வைக்கும் வேலையை இந்த நாட்டுப் பிள்ளைகள் முன்பே செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஆறு மாதக் கணக்கு இது: 140 பேரில் 31 பேருக்கு முரண். அதில் 9 பேருடையது கணினிக்குள் மட்டும் உள்ள முரண், கௌரி மாதிரி. பத்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, தட்டச்சில்தான். மிச்சம் 22 பேருக்குப் பெயரே வேறு வேறாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த 22 பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தோம்: எந்தப் பத்திரம், எந்த எழுத்து, எப்படி வேறுபடுகிறது என்று. கருவியின் மூல நிரலைத் திறந்து வைக்கப்போகிறோம். பெயர்ப் பட்டியல் மட்டும் எங்கள் மெஷினை விட்டு வெளியே போகாது. நிரல் எல்லாருக்கும், பெயர் அவரவருக்கு.

அம்மாயி அந்த 22 பேரில் ஒருவர். அவருடைய சிக்கலை எந்த முறைப்படுத்தலும் தீர்க்காது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தியக் கடதாசி முடித்து, மூன்றாவது தடவையாகக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்த முறை திருப்பி அனுப்பவில்லை, வாங்கி வைத்திருக்கிறார்கள். காசு இன்னும் வரவில்லை. "என்னா புள்ள, பேர் போட்டாச்சா?" என்று தினமும் கேட்கிறார். நானும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு "இன்னும் இல்லைம்மாயி" என்கிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி வேலையில் ஆசை இருந்தால், ரஸ்ட்-அனலைசரின் பிரச்சினைப் பட்டியலில் 'ஈசி' என்றும், செய்முறை எழுதப்பட்டிருக்கிறது என்றும் முத்திரை போட்ட சிக்கல்களைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்து தொடங்குங்க. கிளாடொவ் அந்த நிரலை வரி வரியாக விளக்கும் காணொளிகளும் உண்டு. டேட்டா இருக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

எங்களுக்கு அடுத்த மாதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட பெயர்களைத் தமிழோடு ஒப்பிடும் வேலை இருக்கிறது. மூன்று பேருக்கும் சிங்களம் பேச வரும், பழைய கையெழுத்துப் பதிவுகளை வாசிக்க வராது. நல்லா வாசிக்கத் தெரிந்த ஒருத்தர் வேணும். மடுல்சீமை, லுணுகலை, ஹப்புத்தளை, எந்தப் பக்கமா இருந்தாலும் பரவாயில்லை. கோடிங் தெரிய வேண்டியதில்லை.